மன்னவனூர் ஏரியும் பொய்கையில் இருந்த ஆறு மீன்களும்

ஓம் சரவணபவ.

பூம்பாறை குழந்தை வேலப்பரைப் பற்றி எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனா மனசு பூம்பாறையில நிக்க மாட்டேங்குது. அதைத் தாண்டி, அதே ரோட்டுல இன்னும் உள்ளே போனா மன்னவனூர்னு ஒரு ஊர். அங்கே ஒரு சின்ன ஏரி. அங்கேயே போய் உட்கார்ந்துக்குது. அதனால இந்தப் பதிவு அந்த ஏரியைப் பற்றி. வேலப்பர் கோவிச்சுக்க மாட்டார், அவர் பிறந்ததே தண்ணியிலதானே.

முதல்ல எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். இல்லேன்னா ஏரி புரியாது.

எனக்கு வேலை போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங்னு கூப்பிட்டாங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு ரூமுக்கு நடந்தே வந்தேன். நாலு மாசம் வீட்டுல சொல்லல. மாசா மாசம் சேமிப்புல இருந்து எடுத்து, சம்பளம் மாதிரி வீட்டுக்கு அனுப்பிட்டு இருந்தேன். அப்புறம் எப்படியோ அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சு. வேலை போனதுக்கு அவர் கோபப்படல. நான் மறைச்சதுக்குக் கோபப்பட்டார். அந்தக் கோபத்துல ஒரு வார்த்தை சொன்னார்: "நீ எனக்கு இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

நான் சும்மா இருந்திருக்கணும். இருக்கல. அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவர். நான் சொன்னேன்: "டிக்கெட் கிழிச்சவருக்கு என் வேலையைப் பத்தி என்ன தெரியும்?"

இதை டைப் பண்றப்பகூட கை கூசுது. அந்த டிக்கெட்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சுது.

அதுக்கப்புறம் ஏழு மாசம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. ஒரே வீட்டுலதான் இருந்தோம். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அவனுக்குக் காபி வேணுமான்னு கேளு", எல்லாம் அம்மா வழியா. நடுவுல எனக்கு வேற ஒரு வேலையும் கிடைச்சுது. சம்பளம் குறைவு, வீட்டுல இருந்தே பாக்கலாம். அதையும் அம்மாதான் அவர்கிட்ட சொன்னாங்க.

போன புரட்டாசிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அம்மா என்கிட்ட, "தம்பி, அப்பா பூம்பாறை போகணும்ங்கிறாரு. அவருக்கு முட்டி வலி. தனியா அனுப்ப எனக்கு மனசு இல்ல" அப்படின்னாங்க. பூம்பாறைன்னு சொன்னதும் என்னால மறுக்க முடியல. மூணு வருஷமா முருகன் முருகன்னு உங்களுக்கெல்லாம் எழுதிட்டு, அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு எந்த வாயால சொல்றது?

திண்டுக்கல்ல விடியக்காலை பஸ். கொடைக்கானல் வரைக்கும் அவர் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல்.

பூம்பாறையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், மலைச்சரிவுல படி வெட்டின மாதிரி தோட்டங்கள், நடுவுல ஓட்டு வீடுகளும் தகர வீடுகளுமா நெருங்கி நிக்கிற ஊர். அந்தப் படிகள்ல விளையறதுதான் கொடைக்கானல் மலைப்பூண்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது. ஊருக்குள்ள நுழைஞ்சாலே அந்த வாசனை மூக்குல ஏறும். மூலவர் போகர் செய்தவர்னு ஊர்ல நம்பிக்கை. குழந்தை வேலப்பர்னு பேர் வந்ததுக்கு அங்கே ஒரு கதை சொல்வாங்க. அருணகிரிநாதர் இந்த ஊருக்கு வந்து ராத்திரி தூங்கிட்டு இருந்தப்ப, ஒரு ராட்சசி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் சின்னக் குழந்தையா வந்து அவர் பக்கத்துல விளையாடினாராம். குழந்தை விளையாடறதைப் பார்த்துட்டு, யாரோ தாயும் பிள்ளையும்னு நினைச்சு அவள் திரும்பிப் போயிட்டாளாம். வேல் எடுக்கல, மயில் ஏறல. குழந்தையா வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். இந்தக் கதையைத் தனியா ஒரு பதிவா எழுதறேன், கண்டிப்பா.

தரிசனம் முடிஞ்சு வெளியே வந்தோம். நான் கொடைக்கானல் திரும்புற பஸ்ஸுக்காக நின்னேன். எதிர்ப்பக்கம் கிளாவரை போற வண்டி வந்து நின்னுது. அப்பா என்கிட்ட ஒண்ணும் சொல்லாம அதுல ஏறிட்டார். நானும் பின்னாடியே ஓடி ஏறினேன். கண்டக்டர்கிட்ட "ரெண்டு மன்னவனூர்"னு அவரே டிக்கெட் வாங்கினார். எங்கே போறோம்னு எனக்கு அப்பதான் தெரியும்.

மன்னவனூர் கொடைக்கானல்ல இருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். மேல்மலைக் கிராமங்கள்னு சொல்வாங்களே, அந்தப் பக்கம். வழியெல்லாம் பைன் மரம், யூக்கலிப்டஸ், அப்புறம் திடீர்னு மரமே இல்லாத பச்சைப் புல்மேடு. மத்திய அரசோட செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை ஒண்ணு அங்கே இருக்கு, பாரத் மெரினோங்கிற ரகம் வளர்க்கிறாங்க. குளிரும் புல்லும் சேர்ந்த இடம், ஆடுகளுக்கு அதுதானே வேணும்.

வனத்துறை வாசல்ல டிக்கெட் எடுத்துட்டு உள்ளே போனா, புல் சரிவு கீழே இறங்கிட்டே போகுது. அந்தச் சரிவோட அடியில ஏரி.

பெரிய ஏரி எல்லாம் இல்லைங்க. நம்ம ஊர்க் கண்மாய்ல பல இதைவிடப் பெருசு. ஒரே பார்வையில மொத்தமும் கண்ணுக்குள்ள வந்துடும். சுத்திலும் புல்மேடு, அதுக்குப் பின்னாடி காடு. ஓரத்துல கோரையும் நாணல் மாதிரி உயரமான புல்லும். ரெண்டு பரிசல் கரையில கவுத்து வெச்சிருந்தாங்க. மேகம் ஒவ்வொண்ணா போகப் போக தண்ணியோட நிறம் மாறிட்டே இருந்துச்சு. வெள்ளி, அப்புறம் கரும்பச்சை, அப்புறம் ஒண்ணுமே இல்லாத சாம்பல். சத்தம்னா காத்து மட்டும்தான். காது அடைச்சுக்கிச்சோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், அவ்வளவு அமைதி.

இந்த மலைகள்ல தண்ணி எப்படி நிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சுக்கும். பெய்யறப்போ மொத்தத்தையும் கீழே தள்ளிவிடாது. மழை நின்ன பிறகு மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கசிய விடும். அந்தக் கசிவுதான் ஓடை, ஏரி, கீழே சமவெளியில நாம குடிக்கிற தண்ணி. ஓரத்துல நிக்கிற கோரைக்கும் வேலை இருக்கு. ஓடி வர்ற தண்ணியோட வேகத்தைக் குறைக்கும், மண்ணையும் சேற்றையும் வேர்லயே பிடிச்சு வெச்சுக்கும்.

அந்தக் கோரையைப் பார்த்ததும் சரவணப் பொய்கை ஞாபகம் வந்துச்சு. சரம்னா நாணல். சரவணம்னா நாணல் காடு. தினமும் நூத்தியெட்டு தடவை சரவணபவன்னு சொல்றோம். அதுக்கு அர்த்தம் நாணல் காட்டுத் தண்ணியில தோன்றினவன். அரண்மனையில தோன்றினவன் இல்ல, யாரும் வராத ஒரு மலைக்குளத்துல தோன்றினவன். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில முருகன் இருக்கிற இடங்களை வரிசையா சொல்லிட்டு வர்றப்போ காடு, சோலை, ஆறு, குளம்னு சேர்த்துத்தான் சொல்றார். குளமும் அவர் விலாசம்தான்.

கந்த புராணத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் சொல்ற அந்தக் காட்சி உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சிவனோட நெற்றிக்கண்ல இருந்து ஆறு பொறி. தேவர்களாலேயே தாங்க முடியாத சூடு. முதல்ல வாயு சுமக்கிறார், கொஞ்ச தூரத்துல முடியல, அக்னிகிட்ட கொடுக்கிறார். அக்னி, அவரே நெருப்பு, அவராலயும் முடியல, கங்கையில சேர்க்கிறார். கங்கையும் தவிச்சுப் போய்க் கடைசியில சரவணப் பொய்கையில கொண்டு போய் விடுறாள். ஐ.டி.ல இருக்கிறவங்களுக்குச் சிரிப்பு வரும், எல் ஒன் சப்போர்ட்ல இருந்து எல் டூ, எல் டூல இருந்து எல் த்ரீன்னு டிக்கெட் எஸ்கலேட் ஆகிட்டே போற மாதிரி. ஆனா கடைசியா போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்க. இன்னும் பெரிய தேவர்கிட்ட போகல. ஒரு குளத்துக்குப் போச்சு. காத்து, நெருப்பு, பாயுற ஆறு, இது மூணும் ஓடுறது. ஓடுறதால சுமக்க முடியல. ஓடாம ஒரே இடத்துல நின்ன தண்ணி வாங்கி வெச்சுக்கிச்சு. வாங்கின பிறகு அங்கே நெருப்பு இல்ல, ஆறு தாமரை, ஆறு குழந்தை.

நான் அந்தக் கரையில உட்கார்ந்து இதையெல்லாம் யோசிச்சுட்டு இருந்தேன்னு நினைச்சுடாதீங்க. நான் செஞ்சது, போனை எடுத்து ஏரியை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடப் பார்த்தது. போகல. ஒரு கோடுகூட இல்ல. ரெண்டு மூணு தடவை போனை மேலே தூக்கிப் பார்த்துட்டு, "ச்சே, நெட்டே இல்ல"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் இல்ல? போன வாரம்தானே போட்டுவிட்டேன்."

சொன்ன உடனே வாயை மூடிக்கிட்டார். நானும் அப்படியே நின்னேன்.

வேலை இல்லாம இருந்த அத்தனை மாசமும் என் போன் ஒரு தடவைகூட கட் ஆகல. இன்டர்வியூ கால் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வந்துச்சு. அம்மா யார்கிட்டயாவது சொல்லி ரீசார்ஜ் பண்றாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன், அதைக்கூட நான் வாய்விட்டுக் கேட்கல. அப்பாவுக்கு ஆப் எல்லாம் தெரியாது. தெரு முனைக் கடையில போய் நின்னு, என் நம்பரைச் சொல்லி, பென்ஷன் பணத்துல போட்டிருக்கார். என்கூட ஒரு வார்த்தை பேசாத ஏழு மாசமும்.

எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. போனைப் பையில வெச்சுட்டுப் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் தண்ணியைத்தான் பார்த்தோம். அப்புறம் அவர், என்னைப் பார்க்காமலே, "பராசரர் கதை தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டார்.

அப்பாவுக்குப் புராணம் எல்லாம் கோயில் சொற்பொழிவுல கேட்டு வந்ததுதான். டியூட்டி முடிஞ்சு பெரிய கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் போய் முன் வரிசையில உட்காருவார்.

கதை இதுதான், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பராசர முனிவருக்கு ஆறு பிள்ளைகள். சரவணப் பொய்கையில குளிக்கப் போனவங்க, விளையாட்டா அங்கே இருந்த மீன்களைப் பிடிச்சு வதைச்சிருக்காங்க. அப்பா வந்து பார்த்தார். கோபம். மீன்களைத் துன்புறுத்தின நீங்க மீனாவே போங்கன்னு சபிச்சுட்டார். ஆறு பேரும் அதே பொய்கையில மீனாகிட்டாங்க. அழுது கேட்டதும் அவரே விமோசனமும் சொன்னார்: ஒருநாள் பார்வதி தேவி இங்கே வந்து முருகனுக்குப் பால் கொடுப்பாள், அந்தப் பால் இந்தத் தண்ணியில கலக்கும், அதைக் குடிச்சா உங்களுக்குப் பழைய உருவம் வரும்னு. அப்படியேதான் நடந்தது. ஆறு குழந்தைகளையும் அம்மை சேர்த்தணைச்சு ஒரே கந்தனாக்கிப் பால் கொடுத்தாள். வழிஞ்ச பால் பொய்கையில விழ, மீன்கள் குடிச்சு, ஆறு பேரும் முனிவர்களா எழுந்தாங்க. அப்புறம் அவங்க திருப்பரங்குன்றத்துல தவம் இருந்தாங்க. சூரனை வென்ன பிறகு முருகன் அங்கே வந்து அவங்களுக்கு அருள் கொடுத்தார். திருப்பரங்குன்றத்துல இருக்கிற தீர்த்தத்துக்கும் சரவணப் பொய்கைன்னுதான் பேர்.

நான் "தெரியும்பா"ன்னேன். ஏழு மாசத்துல அவர்கிட்ட நான் பேசின முதல் வார்த்தை அதுதான்.

அவர் கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார். "ஆறு பேரையும் மீனாப் போங்கடான்னுட்டாரு. பிள்ளைங்க தண்ணிக்குள்ள போயிருச்சுங்க. அதுக்கப்புறம் அந்த மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னிருப்பாரா? அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

நண்பர்களே, எத்தனை சொற்பொழிவு கேட்டிருக்கேன், எத்தனை பதிவு எழுதியிருக்கேன். இந்தக் கதையில எனக்கு எப்பவுமே அந்த ஆறு பிள்ளைகள்தான் தெரிவாங்க. சாபம் வாங்கினவங்க பக்கம்தான் நான் நிப்பேன். கரையில நிக்கிற அப்பனை நான் பார்த்ததே இல்ல. கோபத்துல வாய் முந்திருச்சு, சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, முனிவர் வாக்கு. அவர் கையில மிச்சம் இருந்தது ஒண்ணுதான், விமோசனம். அதையும் தன்னால கொடுக்க முடியாதுன்னு தெரிஞ்சு அம்மை கையில விட்டுட்டார். பார்வதி வர்ற வரைக்கும் எத்தனை யுகமோ. அத்தனை காலமும் அந்தப் பொய்கைப் பக்கம் வந்து தண்ணியைப் பார்க்காமலா இருந்திருப்பார்?

இன்னொண்ணும் அன்னைக்குத் தோணுச்சு. அந்தப் பால் மீன்களுக்காகச் சுரந்தது இல்ல. அம்மை தன் பிள்ளைக்குத்தான் கொடுத்தாள். வழிஞ்சது. அந்த நேரத்துல அந்தத் தண்ணியில யார் இருந்தாங்களோ அவங்களுக்கும் கிடைச்சுது. நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு: நான் விரதம் இருந்தேனா, சஷ்டி கவசம் முப்பத்தாறு தடவை சொன்னேனா, எனக்கு அருள் வருமா வராதான்னு கணக்குப் பாக்கறது. என் இன்பாக்ஸ்ல பாதி மெசேஜ் அதுதான். "அண்ணா, நாப்பத்தெட்டு நாள்ல ரெண்டு நாள் விட்டுப் போச்சு, பலன் கிடைக்குமா?" நான் ஒரு நல்ல பதில் சொன்னதே இல்ல. இப்ப சொல்றேன். அந்த ஆறு மீனும் எந்தக் கணக்கும் வெச்சிருக்கல. குத்தம் செஞ்ச இடத்துலயே கிடந்துச்சுங்க. தண்ணியை விட்டுப் போகல, அவ்வளவுதான். முருகன் அந்தத் தண்ணிக்கே வந்துட்டார்.

அந்தத் தண்ணியைப் பற்றியே ஒரு விஷயம் சொல்லாம விட முடியல. திட்டற மாதிரி இருந்தா மன்னிச்சுக்கோங்க. மன்னவனூர்க் கரையில கோரைக்கு நடுவுல சிப்ஸ் கவர் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு தண்ணி பாட்டில். பழனியில, திருப்பரங்குன்றத்துல, நம்ம தீர்த்தங்கள்ல நாம என்னென்ன போடுறோம்னு உங்களுக்கே தெரியும். கற்பூர அட்டை, பூ கவர், குளிச்ச துணி. பராசரர் பிள்ளைகள் செஞ்ச தப்பு என்ன? தண்ணிக்குள்ள வாழுற உயிரை விளையாட்டாத் துன்புறுத்தினது. கந்த புராணத்துல அதுக்கே ஒரு சாபம் இருக்கு. "நான் ஒரு கவர் போட்டா என்ன ஆகிடும்"னு கேக்கறவங்க, அந்தக் கதையை ஒரு தடவை நிதானமாப் படிங்க. அப்பா முட்டி வலியோட குனிஞ்சு அந்தக் கவரை எடுத்தார். நான் பாட்டிலை எடுத்தேன். வாசல்ல குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டு வந்து போட்டோம்.

கிளம்பறதுக்கு முன்னாடி அப்பா தண்ணி ஓரம் வரைக்கும் இறங்கிப் போனார். நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன், சரிவு வழுக்கும். ஒரு கை தண்ணி அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டு, மீதியை என் தலையில தெளிச்சார். ஐஸ் மாதிரி இருந்துச்சு. "அப்பா, அன்னைக்கு நான் டிக்கெட்னு சொன்னது"ன்னு ஆரம்பிச்சேன். முடிக்க விடல. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா"ன்னுட்டார்.

திரும்பி வர்ற வண்டியில ஒரே சீட்டுல உட்கார்ந்தோம். டிக்கெட் நான் வாங்கினேன். அதை அவர் கையில கொடுத்தேன். பழக்கத்துல நம்பரைப் பார்த்துட்டு, நாலா மடிச்சு வாட்ச் பட்டையில செருகிக்கிட்டார். சின்ன வயசுல நான் பார்த்து வளர்ந்த அதே மடிப்பு. "இந்த லைன்ல எத்தனை வருஷம்பா ஓட்டினீங்க?"ன்னு கேட்டேன். இத்தனை வயசுக்கு நான் அதைக் கேட்டதே இல்ல. பூம்பாறை தாண்டி, கொடைக்கானல் வரைக்கும் பேசினார். பனியில ஹெட்லைட் தெரியாம, கண்டக்டர் இறங்கி டார்ச் அடிச்சுக்கிட்டே வண்டிக்கு முன்னாடி நடந்த ராத்திரி. டிக்கெட் எடுக்கக் காசு இல்லாம பூண்டு மூட்டையோட ஏறின பாட்டி. குறிஞ்சி பூத்த வருஷம் மலையே நீலமா இருந்தது. 2018-ல பூத்துச்சே, அதுக்கு முந்தி 2006-ல பூத்தப்போ டியூட்டியில இருந்தாராம். அடுத்தது 2030. "அப்ப இருந்தா மறுபடி வருவோம்"னார். "இருப்பீங்க"ன்னேன்.

மன்னவனூர் போக நினைக்கிறவங்களுக்கு: கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல மேல்மலைப் பக்கம் போற வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கோங்க, திரும்பி வர்ற வண்டி நேரத்தையும் ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, வண்டி குறைவு. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. குப்பைக்கு ஒரு பை எடுத்துட்டுப் போங்க. வழியில பூம்பாறையில இறங்கி வேலப்பரைப் பார்க்காம வந்துடாதீங்க. கொடைக்கானல் டவுன்ல நேரம் இருந்தா குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் போங்க. 1936-ல கட்டினது, மேகம் இல்லேன்னா அங்கே இருந்து பழனி மலை தெரியும்.

வர்ற கிருத்திகைக்கு அப்பாவும் நானும் திருப்பரங்குன்றம் போறோம். சரவணப் பொய்கைக் கரையில காலையில ஆறரை மணிக்கு இருப்போம். மதுரைப் பக்கம் இருக்கிறவங்க வாங்க. கதை அப்பா சொல்வார்.

முருகா சரணம்.